ஐந்து விரலும் அகல விரித்து

ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலைக் குலுக்கலில், குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்யஸ்தன் எப்படிக் கையில் வாங்க வேண்டும் என்பதற்குக்கூட உத்திரமேரூரில் விதி இருந்தது. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கை எல்லாருக்கும் தெரியும்படி வாங்க வேண்டும். முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-ல், வெட்டிய கல்வெட்டு அது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூரில் இறங்கிவிடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

விரலை விரிக்கச் சொன்னது எதற்காக? விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்திருந்து, சிறுவன் கொடுத்ததை மறைத்து, தனக்கு வேண்டியவன் பெயரை வாசித்துவிட முடியும். அப்படி ஒருவன் செய்திருக்கலாம், அல்லது செய்யக்கூடும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கலாம். எப்படியானாலும் சபை அதை யோசித்தது, யோசித்ததைச் சட்டமாக்கியது, சட்டத்தை ஊர் கூடும் அந்தக் கோயில் மண்டபத்துச் சுவரிலேயே வெட்டியது. ஏமாற்ற நினைப்பவன் எங்கே நிற்பான், அவன் கை எதைத் தொடும் என்று முதலில் அவன் இடத்தில் நின்று யோசிப்பதுதான் இன்று கணினிப் பாதுகாப்புத் துறை தன் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம்.

அதே உத்திரமேரூர் இன்று ஒரு சட்டமன்றத் தொகுதி. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியின் 6 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. அங்கே இப்போது குடம் இல்லை, ஓட்டு மெஷின் இருக்கிறது. இந்தியாவில் மிக அதிகமான பேர் தொட்டுப் பழகிய கணினி அதுதான் என்பது என் எண்ணம். கணினிப் பாதுகாப்பின் வரலாற்றில் இந்தியா எழுதிய அத்தியாயம் என்று ஒன்று உண்டானால் இந்த இயந்திரத்தைச் சுற்றித்தான் எழுதியாக வேண்டும். அது பாதுகாப்பானதா? இந்தக் கேள்விக்கு 40 ஆண்டுகளாக ஆமாம் என்றும் இல்லை என்றும் உரக்கச் சொல்கிறார்கள். எந்த அளவுகோலால் அளந்து சொல்கிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. நான் என் அளவுகோலை முதலில் மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

குடவோலையிலிருந்தே அதை எடுக்கிறேன், ஆனால் பெருமை பேச அல்ல. உத்திரமேரூரை மக்களாட்சியின் பிறப்பிடம் என்று மேடையில் பேசுகிறவர்கள் கல்வெட்டை முழுதாகப் படிக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் ஏற்பாடு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இருப்பவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். பெண்களுக்கும் ஊரின் மற்ற சாதியாருக்கும் அதில் இடமே இல்லை. அங்கே யாரும் யாருக்கும் வாக்களிக்கவும் இல்லை. அது சீட்டுக் குலுக்கல். அரசனின் ஆணையோடு அவனுடைய அதிகாரி உடனிருக்க எடுத்த முடிவு. மக்களாட்சி என்று அளந்தால் அது மிகக் குறைவாகத்தான் தேறும்.

குலுக்கலின் பாதுகாப்பு என்று அளந்தால் கதை வேறு. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், தகுதியுள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, கட்டின் மேல் எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலை வைத்துக் குடத்தில் இடுவார்கள். சிறுவரும் முதியவருமாகச் சபை முழுதும் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பான். விரித்த கையில் வாங்கிய மத்யஸ்தன் வாசிப்பான். அவன் வாசித்தால் மட்டும் போதாது, அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏறும். பதவி 360 நாள். கடந்த 3 ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடம் கிடையாது. கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் எப்போதுமே கிடையாது.

இதில் ஒவ்வொரு கையும் இன்னொரு கையைக் காவல் காக்கிறது. தூக்குபவர் எடுப்பதில்லை, எடுப்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது, வாசிப்பவன் சொல்லை மட்டும் யாரும் ஏற்பதில்லை. 1975-ல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் கணினிப் பாதுகாப்புக்கு வகுத்த 8 கொள்கைகளில் அதிகாரத்தைப் பிரித்து வைப்பதும் வடிவமைப்பைத் திறந்து வைப்பதும் உண்டு. திறந்து வைக்கும் கொள்கை இன்னும் பழையது. ரகசியக் குறியீட்டு முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கெடுதல் வரக் கூடாது என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். உத்திரமேரூர்ச் சபையார் விதியைச் சுவரில் வெட்டியபோது கணினியைக் கனவு கண்டார்கள் என்று சொல்ல வரவில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு காரியத்தை நம்பிக்கையில்லாதவர் நடுவே செய்து முடிப்பது எப்படி என்ற பிரச்சினை ஒன்றுதான், தீர்வும் அதனால் ஒத்துப்போகிறது என்கிறேன். 919-ல் வெட்டிய முதல் விதியை 2 ஆண்டிலேயே திருத்தியும் இருக்கிறார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை ஆயிற்று. கெட்டவர் ஒழிந்து நல்லவர் தழைக்க இந்த ஏற்பாடு என்று கல்வெட்டே நோக்கம் சொல்கிறது. ஓட்டை தெரிந்தால் அடைப்பது, அடைத்ததை ஊரறியச் சொல்வது.

ஆக என் அளவுகோல் இது: யாராவது இதை உடைத்துக் காட்டினார்களா என்று கேட்கப் போவதில்லை. தோற்றவன், ஜெயித்தவனையும் அதிகாரியையும் நிபுணரையும் நம்பாமலேயே, தான் தோற்றது உண்மைதான் என்று உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்பேன்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் செய்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த வேலையை மேற்பார்த்தவர் எஸ். ரங்கராஜன், நாம் சுஜாதா என்று அறிந்த எழுத்தாளர். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறை வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசத்தில் சிவன் பிள்ளை வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது, ஜோஸ் வென்றார். இயந்திரம் தவறு செய்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றுதான் சொன்னது. பிறகு சட்டம் திருத்தி, 1998-ல் 16 சட்டமன்றத் தொகுதிகளில் வைத்துப் பார்த்து, 2001-ல் தமிழகம் முழுதும், 2004-ல் நாடு முழுதும் கொண்டுவந்தார்கள்.

இந்த இயந்திரத்தின் நற்குணங்களைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. எந்த வலைப்பின்னலோடும் அதற்குத் தொடர்பில்லை. கம்பியும் இல்லை, அலைவரிசையும் இல்லை. பேட்டரியில் ஓடுகிறது. உலகத்தின் எந்த மூலையிலோ உட்கார்ந்து அதற்குள் நுழைய வழியில்லை. அதிகாரி ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் அடுத்த ஓட்டு விழும். நிமிடத்துக்கு நாலைந்துக்கு மேல் போகாது. காகிதச் சீட்டுக் காலத்தில் பூத்தைக் கைப்பற்றிய கும்பல் கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிட்டுப் போய்விடும். இயந்திரம் அந்தக் கும்பலை மணிக்கணக்கில் அங்கேயே நிற்க வைக்கிறது, அதற்குள் போலீஸ் வந்துவிடும். செல்லாத ஓட்டு என்ற சங்கடமும் பூத்தில் ஒழிந்தது. வாக்குப்பதிவுக்கு முன் ஏஜெண்டுகள் எதிரில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முத்திரைத் தாளில் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். மொத்தம் விழுந்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுக்கிறார்கள். விரித்த உள்ளங்கையின் வழிவந்தவை இவையெல்லாம். மதிக்கிறேன்.

ஆனால் உள்ளே இருக்கும் சிப் விரல் விரிப்பதில்லை. 2010-ல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரிப் ஆகியோரும் அவர்களுடைய குழுவும் ஓர் உண்மையான இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணிக்கையைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு அச்சு அசலாக இன்னொன்றை வைத்தார்கள். ப்ளூடூத் வழி சைகை கிடைத்ததும் அது பொய்க் கணக்கைக் காட்டியது. வாக்குகளைச் சேமிக்கும் நினைவகச் சிப்பின் மேல் சிறு கருவி ஒன்றைக் கவ்வும்படி பொருத்தி வாக்குகளை இடம் மாற்றியும் காட்டினார்கள். சிப்புக்குள் எழுதிய நிரலை மறுபடி வெளியே எடுத்துப் படிக்க முடியாதபடி செய்திருப்பதால், உள்ளே இருப்பது முதலில் எழுதியதுதானா என்று தேர்தல் ஆணையத்தாலேயே சரிபார்க்க முடியாது என்பது அவர்கள் கட்டுரையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி. ஹரி பிரசாத்தை இயந்திரத் திருட்டு வழக்கில் கைது செய்தார்கள். பிறகு ஜாமீன் கிடைத்தது. ஓட்டையைச் சுட்டியவரைக் காவலில் வைத்தது நம் கணினிப் பாதுகாப்பு வரலாற்றில் அழியாத கறை.

ஆணையத்தின் பதில் ஒன்று இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இயந்திரம் கையில் கிடைத்தால்தானே இதெல்லாம்? பூட்டு, முத்திரை, துப்பாக்கிக் காவல், எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்று இரண்டு முறை குலுக்கல், இத்தனையையும் தாண்டி ஆயிரக்கணக்கான இயந்திரங்களைத் தொட எத்தனை பேர் கூட்டுச் சேர வேண்டும்? உண்மை. மொத்தமாகத் தேர்தலைத் திருடுவது இந்த இயந்திரத்தில் மிகக் கடினம், திருடினார்கள் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் இந்தப் பதில் முழுதும் அதிகாரிகளின் ஒழுங்கை நம்பச் சொல்கிறது. 2017 ஜூனில் ஆணையம் கட்சிகளை அழைத்து முடிந்தால் உடைத்துக் காட்டுங்கள் என்றபோதும் உள்சுற்றில் கை வைக்க அனுமதி தரவில்லை. குடத்துக்குள் கை விடாமல் குடத்தில் குறை கண்டுபிடி என்பது போலிருந்தது அது.

பரவூர்த் தீர்ப்பு வந்த அதே 1984-ல், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் தன் ட்யூரிங் விருது உரையை வெளியிட்டார். நீயே முழுதும் எழுதாத நிரலை நீ நம்ப முடியாது, மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் அதை மொழிபெயர்க்கும் கருவிக்குள் கள்ளத்தை ஒளித்து வைக்கலாம் என்று செய்துகாட்டிய உரை அது. மூலநிரலை வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் அது பதில். 2006-ல் ரொனால்ட் ரிவெஸ்ட், ஜான் வாக் இருவரும் இதிலிருந்து வாக்கு இயந்திரத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள்: நிரலில் யார் கண்ணிலும் படாமல் ஏதாவது மாறியிருந்தாலும், அது முடிவைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றிவிடக் கூடாது. அதற்கு வாக்காளரே கண்ணால் பார்த்த ஒரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதத்தை எண்ணவும் வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இருக்கிறவர்களுக்கு இது புரிய அமெரிக்கா போக வேண்டாம். புடவையில் 2004 முதல் சில்க் மார்க் அட்டை தொங்குகிறது. அது பயனுள்ளதுதான், மத்தியப் பட்டு வாரியத்தின் உறுதி அது. ஆனால் தெரிந்த அம்மாக்கள் இன்னும் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அசல் சரிகையில் சிவப்புப் பட்டு நூல்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும், அதற்கு மேல் தங்க முலாம். சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். பட்டு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். இதற்குப் படிப்பும் வேண்டாம், சோதனைச் சாலையும் வேண்டாம். 2009 மார்ச் 3-ல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் அந்நாட்டு வாக்கு இயந்திரங்களை நிராகரித்தபோது சொன்ன காரணம் இதற்கு நெருக்கமானது: தேர்தலின் முக்கியமான ஒவ்வொரு படியையும் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகன் தானே சரிபார்க்க முடிய வேண்டும்.

இந்தியாவில் அந்தக் காகிதம் 2013-ல் வந்தது. செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில், அந்தச் சீட்டை அச்சிடும் விவிபேட் முதன்முறை இயங்கியது. அக்டோபர் 8-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் காகிதத் தடயம் இன்றியமையாதது என்றது. 2019 முதல் எல்லாச் சாவடியிலும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 19 அன்று நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் விளக்கு எரிகிறது, சின்னம் பதித்த சீட்டு 7 விநாடி நின்று விழுகிறது. நான் அழுத்திய சின்னம்தான். மாறியிருந்தால்? 49எம்ஏ விதிப்படி புகார் எழுதித் தர வேண்டும். சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். அது சரியாக விழுந்தால் பொய்ப் புகார் என்று என்மேல் வழக்கு. ஒரு முறை தவறி மறுமுறை சரியாகச் செய்யும் இயந்திரத்தின் எதிரில் எந்தக் குடிமகன் துணிந்து கையெழுத்துப் போடுவான்? இந்த விதி கேட்கும் வாயை அடைக்கிறது, அதை நீக்கியாக வேண்டும்.

விவிபேட் ஒரு புது வாசலையும் திறந்தது. முன்பு எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்பது இயந்திரத்துக்குத் தெரியாது; அதுவே ஒரு காவல். இப்போது வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு சின்னங்களை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது, விவிபேட் பொத்தான் பலகைக்கும் எண்ணும் கருவிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் புதுச் சந்தேகத்தைத் தீர்க்க இருக்கும் ஒரே வழி அந்தச் சீட்டுகளை எண்ணுவதுதான்.

எவ்வளவு எண்ணுகிறோம்? 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 1 சாவடியின் சீட்டுகள் என்றிருந்ததை 5 ஆக்கியது. 21 எதிர்க்கட்சிகள் பாதியையாவது எண்ணக் கேட்டிருந்தன. (2010-ல் இதே ஐயத்தை எழுப்பி நூல் எழுதியவர் பாஜகவின் ஜி.வி.எல். நரசிம்ம ராவ், முன்னுரை தந்தவர் அத்வானி. ஐயம் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை.) 2024 ஏப்ரல் 26-ல் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு அந்த 5-ஐயே நிலைநிறுத்தியது. 2019 தேர்தலில் எண்ணிய 20,687 விவிபேட்களில் ஒன்றில் மட்டும், ஆந்திரத்தின் மைதுகூரில், கணக்கு உதைத்தது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்ததுதான் காரணம். இது இயந்திரத்துக்குப் பெரிய சான்று, மறுக்கவில்லை. சின்னம் ஏற்றும் கருவிகளை முடிவு வந்து 45 நாள் முத்திரையிட்டு வைக்கச் சொன்னதும், 2-ஆம், 3-ஆம் இடத்தவர் கட்டணம் கட்டி 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்றதும் முன்னேற்றம். ஆனால் சோதிப்பவர் யார்? அதைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களே. மத்யஸ்தன் வாசித்தான், நம்பிமார் வாசிக்கவில்லை.

5 என்ற எண்ணைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தொகுதியில் 300 சாவடி என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 60-ல் தவறு இருந்தால் குலுக்கலில் எடுத்த 5-ல் ஒன்றாவது சிக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 30-ல் இருந்தால் 100-க்கு 41. வெறும் 6-ல் இருந்தால் 10-க்கு 1. நாடு முழுதும் பெருந்திருட்டு நடந்தால் இந்தச் சோதனை நிச்சயம் கண்டுபிடிக்கும், ஏனெனில் எல்லாத் தொகுதியின் ஐந்துகளும் சேர்ந்து பல்லாயிரம் ஆகின்றன. ஆனால் வேட்பாளர் தோற்பது தன் தொகுதியில். 2021-ல் சென்னை தி.நகரில் வித்தியாசம் 137 வாக்கு. அங்கே எந்தத் தவறும் நடந்ததாக நான் சொல்லவில்லை. கணக்குக்காக அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 69 ஓட்டு இடம் மாறினால் முடிவு மாறும். ஒரே இயந்திரம் போதும், 300-ல் அந்த ஒன்று சோதனைக்கு வர 60-க்கு 1 வாய்ப்பு. ஒரு லட்சம் வித்தியாசத்தில் வென்ற தொகுதியிலும் 5, 137-ல் வென்ற தொகுதியிலும் 5 என்பது எந்தப் புள்ளியியலும் ஒப்புக்கொள்ளாத விதி. வித்தியாசம் குறையக் குறைய அதிகமாக எண்ணும் முறையை ஃபிலிப் ஸ்டார்க் என்ற புள்ளியியல் பேராசிரியர் 2008-ல் வகுத்தார். 2017-ல் கொலராடோ மாநிலம் முழுதும் அதை நடைமுறைப்படுத்தியது.

ஆகவே என் தீர்ப்பு: இயந்திரம் இருக்கட்டும். காகிதச் சீட்டுக்கே திரும்புவது பூத்தைக் கைப்பற்றும் கும்பலுக்குக் கதவைத் திறந்துவிடும். தாக்குதலைத் தாங்குவதில் இயந்திரத்துக்கு நல்ல மதிப்பெண். தோற்றவனுக்குத் தானே நிரூபித்துக் காட்டுவதில் அது இன்னும் தேறவில்லை, தேறத் தேவையான பொருளோ அதன் வயிற்றுக்குள்ளேயே சீட்டுச் சீட்டாகக் கிடக்கிறது. விவிபேட் எண்ணிக்கையும் இயந்திர எண்ணிக்கையும் மோதினால் சீட்டுதான் செல்லும் என்று இன்றைய விதியே சொல்கிறது. எத்தனை எண்ணுவது என்பதை வெற்றி வித்தியாசம் தீர்மானிக்க வேண்டும், முடிவு அறிவிக்கும் முன்பே எண்ண வேண்டும், மிக நெருங்கிய தொகுதியில் முழுவதும் எண்ண வேண்டும்.

காலதாமதம் ஆகும் என்பது ஆணையத்தின் மறுப்பு. பாதிச் சீட்டுகளை எண்ணினால் முடிவு 5, 6 நாள் தள்ளிப்போகும் என்று 2019-ல் நீதிமன்றத்தில் சொன்னார்கள். நான் கேட்பது எல்லா இடத்திலும் பாதி அல்ல, பெரும்பாலான தொகுதிகளுக்கு இன்றைய எண்ணிக்கையே போதும். நெருங்கிய சில தொகுதிகளுக்கு இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். 2024-ல் காஞ்சிபுரம் ஏப்ரல் 19-ல் வாக்களித்தது. நாங்கள் போட்ட ஓட்டை ஜூன் 4-ல் எண்ணினார்கள். 46 நாள் அவை ஸ்ட்ராங் ரூமில் இருந்தன, ஊர் பொறுமையாகக் காத்திருந்தது.